சம்பந்தி வீட்டுத் தூக்குச்சட்டி

சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்று ரஹ்மத்துன்னிஸாவுக்குத் தெரியும். ஆனாலும் உப்பில்லாததை உப்பில்லாதது என்று மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்ளாமல் எப்படி இருப்பது? சம்பந்தி ஜுலைஹாவின் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு. அவருக்காக அந்த வீடே உப்பை மறந்து பல வருஷமாகிறது. அந்தக் குழம்புதான் தினமும் மதியம் தூக்குச்சட்டியில் ரஹ்மத்துன்னிஸாவைத் தேடி வந்தது.

கணவர் முஹ்யித்தீன் மவுத்தானதிலிருந்து இதுதான் நடப்பு. அவர் போனதும் அவருடைய பென்ஷன் நின்றுவிட்டது. குடும்ப பென்ஷன் வேண்டுமென்றால் மனைவி தூத்துக்குடிக் கருவூலத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டும். அவளோ விதவைக்குரிய இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள், வாசல்படி தாண்டக் கூடாது.

“மூணு மாசத்துக்குள்ள போய் நிக்காட்டி அவ்வளவுதானாம் லாத்தா, அடைச்சுருவாங்களாம்” என்று ஜுலைஹா எங்கோ கேட்டதைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். மூன்று மாதம் முடிந்த அன்று ரஹ்மத்துன்னிஸா தொழுகைப்பாயிலேயே உட்கார்ந்து அழுதாள். பாதி அழுகை கணவருக்கு, பாதி அந்தத் தூக்குச்சட்டிக்கு.

மகள் ஒருத்தி இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். இவளுக்கு வாய்த்ததோ ஒரே மகன், முஆத். அவன் ஜுலைஹாவின் மகள் லுப்னாவைக் கட்டி அந்த வீட்டு மாப்பிள்ளை ஆனவன், இப்போது சவூதியில் தம்மாமில் வேலை. ‘மகன் வீட்டில் போய் இரேன்’ என்று யாராவது சொன்னால் அதற்கு ஜுலைஹா வீட்டில் போய் இரு என்று அர்த்தம். அங்கே போனால் காலத்துக்கும் விருந்தாளிதான். எழுந்து ஒரு டீ போட்டுக் குடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

“பென்ஷன் போனாப் போவுது உம்மா, நான் அனுப்புதேன்” என்பான் முஆத் போனில். அவனுக்கு இரண்டும் பெண். இரண்டு வீடு கட்டியாக வேண்டும். முதல் வீடே அஸ்திவாரத்தோடு நிற்கிறது. பேத்திமாரின் செங்கல்லில் மீன் வாங்கித் தின்ன அவளுக்கு மனசு வரவில்லை.

இத்தா முடிந்த மறுநாள் காலையிலேயே லுப்னாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சாகுபுரம் தாண்டியதும் வழியெல்லாம் உப்பளம். குவித்து வைத்திருந்த உப்பைப் பார்த்து, இத்தனை உப்பு இருக்கிற ஊரிலா நமக்கு இந்தக் கதி என்று நொந்துகொண்டாள். கருவூலத்தில் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தாள்.

கருவூலத்தில் இந்துமதி என்கிற பெண் அதிகாரி. காகிதங்களை வாங்கிப் பார்ப்பதற்குள் ரஹ்மத்துன்னிஸா படபடவென்று ஆரம்பித்துவிட்டாள்.

“வேணும்னு வராம இருக்கலம்மா. எங்க மார்க்கத்துல...”

“காயல்பட்டினமா? இத்தா முடிஞ்சு வாரிய, அதான?” என்றாள் இந்துமதி. “அதுக்கு ஏம்மா கண்ணு கலங்குதிய? அங்கயிருந்து வார அம்மாமாரு நெறையப் பேரு நாலு மாசம் கழிச்சுத்தான் வாராங்க. நீங்க என்னைக்கு வந்தாலும், ஸார் இறந்த மறுநாள்லேருந்தே உங்களுக்குப் பென்ஷன் உண்டு. விட்டுப்போனதும் சேந்து வந்துரும்.”

“அடைக்கலையா?”

“அடைக்கதுக்கு இது என்ன கடையா?”

“மூணு மாசம்னு சொன்னாங்களே...”

“யாரு சொன்னா?”

ரஹ்மத்துன்னிஸா மருமகளைப் பார்த்தாள். லுப்னா அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தாள்.

“ஸார் வாங்குனதுல பாதிக்குக் கொஞ்சம் மேல வரும்மா. ஓட்டிருவியளா?”

“தாராளமா ஓடும். அவஹளுக்குத்தான் தினம் கறி வேணும். எனக்கு ரெண்டு மீன் துண்டு போதும்” என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. இந்துமதி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஊரே கொழும்பு, சவூதி என்று பறந்த காலத்தில் தினமும் தூத்துக்குடி மீன்வள அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய் வந்த எழுத்தர் முஹ்யித்தீன். அவளுடைய அண்ணன்களான காக்காமார் அவரை ‘பஸ் மாப்பிள்ளை’ என்றே கேலி செய்வார்கள். “செய்யட்டும்ளா. நான் மவுத்தானாலும் உனக்குச் சம்பளம் வரும். அவங்க வீட்டுக்கு வருமா?” என்பார். அப்போதெல்லாம் அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று அவர் வாயைப் பொத்தியிருக்கிறாள். இன்றைக்கு அந்த மனிதர் எதிரில் வந்தால் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நாலு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது.

பென்ஷன் கைக்கு வர அடுத்த மாதம் ஆகும். அதனால் என்ன? ஆபத்துக்கென்று இடுப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, வரும் வழியிலேயே நல்ல சீலா மீனாகப் பார்த்து வாங்கினாள். தூசி படிந்திருந்த அடுப்பைத் துடைத்தாள். புளி கரைத்து, மாங்காய் போட்டு, கை நிறைய உப்பள்ளிப் போட்டுக் குழம்பு வைத்தாள். தட்டில் போட்டு முதல் கவளம் வாயில் வைத்ததும் “அல்ஹம்துலில்லாஹ்” என்று சத்தமாகவே சொன்னாள்.

இத்தனை நாளும் அந்தத் தூக்குச்சட்டி இவள் வீட்டிலிருந்து வெறுமையாகத்தான் திரும்பிப் போயிருக்கிறது. அடுப்பு எரியாத வீட்டில் எதைப் போட்டு அனுப்புவது? இன்றைக்கு விளிம்பு வரை குழம்பை ஊற்றி லுப்னா கையில் கொடுத்துவிட்டாள். “இனிமே உங்கும்மாவைச் சாப்பாடு அனுப்ப வேணாம்னு சொல்லுளா. கோவமா இல்ல, சந்தோஷமாச் சொன்னேன்னு சொல்லு” என்றாள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு போன் வந்தது. ஜுலைஹாவின் குரல் தணிந்திருந்தது.

“லாத்தா, குழம்புல உப்பு...”

“கூடிப்போச்சா?”

“கூடவுமில்ல, குறையவுமில்ல. எத்தனை வருஷமாச்சு இப்படித் தின்னு! அவஹ தொழப் பள்ளிக்குப் போன நேரம் பாத்து, அடுக்களைல நின்னுகிட்டே முழுசையும் தின்னுட்டேன். யாருட்டயும் சொல்லிறாதிய. நாளைலேருந்து நான் வெறுஞ்சட்டிதான் அனுப்புவேன் லாத்தா.”

“அனுப்புங்கோ” என்றாள் ரஹ்மத்துன்னிஸா.