சண்முகலிங்கத்துக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்

கிருலப்பனையில் செத்தது வேறொரு சண்முகலிங்கம். ஆனால் அனுதாபம் தெரிவிப்பதில் நம் சனத்துக்கு இருக்கிற அவசரம், செத்தது யார் என்று விசாரிப்பதில் இருப்பதில்லை. லண்டனில் ஒருவர் விளக்குப் படம் போட, அதைப் பார்த்துக் கனடாவில் ஒருவர் 'ஓம் சாந்தி' என்று எழுத, விடிவதற்குள் வெள்ளவத்தைச் சண்முகலிங்கத்தின் இணையப் பக்கம் செத்தவீடாகிவிட்டது. எவரோ ஒரு புண்ணியவான் கிருலப்பனைக்காரரின் மரண அறிவித்தலை அந்த இணையப் பக்கத்தை நடத்தும் கம்பனிக்கும் அனுப்பிவைத்தார். உயிரோடு இருந்தவர் போட்ட எந்த முறைப்பாட்டுக்கும் பதில் சொல்லாத கம்பனி, இதை மட்டும் உடனே நம்பியது. பெயருக்கு மேலே 'நினைவாக' என்று எழுதிக் கணக்கைப் பூட்டிவிட்டது.

சண்முகலிங்கம் முதலில் சிரித்தார். மீன் வாங்கப்போன இடத்திலும் சொல்லிச் சிரித்தார். மகள் எழுதியதைப் பார்க்கும்வரைதான் அந்தச் சிரிப்பு.

கொழும்புக் காலி வீதியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ரிம்ஸான்தான் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். விளக்குகளுக்கும் கும்பிட்ட கைகளுக்கும் நடுவில் உஷாந்தி எழுதியிருந்தாள்: "அப்பா, ஒருக்கா எண்டாலும் கதைச்சிருக்கலாம். நானாவது கதைச்சிருக்கலாம்."

மெல்பேர்னில் இருக்கும் ஒரே மகள். சிங்களப் பெடியனைக் கட்டியவளைத் தலைமுழுகியாயிற்று என்று ஊரார் கல்யாணத்தில் நாலு பேர் கேட்கச் சொன்ன மனிதர் இவர். அதற்குப் பிறகு அவள் சொந்தக்காரர் எவரோடும் தொடர்பு வைக்கவில்லை, நம்பரையும் மாற்றிவிட்டாள். ஆனாலும் தன் பக்கத்திலிருந்து அப்பாவை நீக்கவில்லை. அவரும் பேரனின் படங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பார், ஒன்றுக்கும் விருப்பம் போடமாட்டார். அவ்வளவு வீம்பு.

"தம்பி, நான் இருக்கிறன் எண்டு அவளுக்கு உடன சொல்லோணும்."

கம்பனிக்கு அடையாள அட்டையை அனுப்பினார்கள். 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. அன்றைய பத்திரிகையை நெஞ்சோடு பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதற்கும் அதே வருத்தம்தான். புதிதாக ஒரு கணக்குத் திறந்தார்கள். இறந்தவரைப் போல நடிப்பதாகச் சொல்லிக் கம்பனி அதையும் மூடிவிட்டது.

"பேசுறத்துக்கு மனுஷன் ஒருத்தன் ஈந்தா தானே அங்கிள்," என்றார் ரிம்ஸான். "எல்லாம் மெஷின். ஏசினாலும் தேங்க்யூ சொல்லுது."

சண்முகலிங்கத்துக்கு அழுகை வந்தது. கடையில் ஆட்கள் நின்றதால் அதை இருமலாக்கிக்கொண்டார்.

கடைசியில் ரிம்ஸான் தன்னுடைய கணக்கிலிருந்தே உஷாந்திக்கு அனுப்பலாம் என்றார். அறிமுகமில்லாதவருக்கு அழைப்பு எடுக்கக் கம்பனி விடாது, செய்தி மட்டும் போகும். பத்திரிகையோடு எடுத்த படத்தை அனுப்பிவிட்டு, குரலையும் பதிந்தார்கள். கிழவர் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"பிள்ளை, அப்பா கதைக்கிறன். நான் சாகேல்லை, செத்தது வேற ஆள். உன்னைப் பற்றி நான் அப்பிடிச் சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளம்மா."

இவ்வளவு காலமும் வாய்க்குள்ளேயே கிடந்த சொல். சொல்லி முடித்ததும் மனிதருக்கு உடம்பே லேசாகிவிட்டது. ரிம்ஸானுக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கிவரப் போனார்.

திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது. ரிம்ஸான் வாசித்துச் சொல்லாமல் போனையே நீட்டினார்.

"செத்தவீட்டுக்குள்ளயும் உங்களுக்குக் காசுதானே வேணும்? குரலும் படமும் இப்ப ஆரும் கம்ப்யூட்டரில செய்யலாம். ஆனா எங்கட அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் விசாரிச்சுப்போட்டுச் செய்திருக்கலாம். அவர் ஒருநாளும் ஒருத்தரிட்டயும் மன்னிப்புக் கேட்ட மனுசன் இல்லை."

சண்முகலிங்கம் அதை இரண்டாம் தரமும் வாசித்தார்.

"ஓம் எண்டு எழுதும் தம்பி," என்றார். "அவள் சொல்லுறது உண்மைதான் எண்டு எழுதும்."

ரிம்ஸான் எழுதி அனுப்பிப் பார்த்தார். போகவில்லை. உஷாந்தி அந்தக் கணக்கைத் தடுத்துவிட்டிருந்தாள்.