சித்தப்பாவுக்குப் போட்ட மதிப்பெண்

எங்கள் கம்பெனி சோப்பு தயாரிக்கிறது. சோப்பை அடுக்கும் அட்டைப்பெட்டிகளை மூன்று பேர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இனி ஒருவர் போதும் என்று மேலிடம் முடிவெடுத்தது. மாலை வகுப்பில் கொள்முதல் படிக்கிறவள் என்பதால், விலை, தரம், நேரம் என்று பிரித்து மூவருக்கும் மதிப்பெண் போடும் வேலை என்னிடம் வந்தது. மூவரில் ஒருவர் என் சித்தப்பா. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததை ஈடுகட்ட அவரிடம் கறாராக இருந்தேன். மழைக்காலத்தில் ஒருமுறை அவருடைய சரக்கு தாமதமாக வந்தது. உண்மையில் ஆர்டரையே பிந்தி அனுப்பியவள் நான்தான். இருந்தும் நேரத்துக்கான மதிப்பெண்ணைக் குறைத்தேன். வேறு யாருடைய சரக்காக இருந்தாலும் குறைத்திருக்க மாட்டேன். அந்தக் குறைவில்தான் அவர் இரண்டாவது இடத்துக்குப் போனார். அது நேர்மையா பயமா என்று எனக்கு இன்னமும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்கு வந்தார்.

"புது மெஷின் நேத்து வந்து இறங்கிடுச்சு. உங்க ஆர்டரை நம்பித்தான் வாங்கினேன்."

"ஏன் சித்தப்பா அவசரப்பட்டீங்க?"

"நீ ஒண்ணும் தூக்கிவிட வேண்டாம் தாயே. ஒழுங்கா பார்த்தா போதும், என் பெட்டி தானா நிக்கும்."

சலுகை கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலையில் மேனேஜரிடம் போனேன். எதையும் சலித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் அவருக்குச் சல்லடை என்று பெயர்.

"சார், அந்த மதிப்பெண் தப்பு. அவர் என் சித்தப்பா. வேணும்னே குறைச்சுட்டேன். வேற யாராவது மறுபடி போடணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தக்காரருக்கு அள்ளிக் கொடுத்தவங்களைப் பார்த்திருக்கேன். காலை வாரிவிட்டவளை இப்பதான் பார்க்கறேன்."

"அதான் சொல்லிட்டேனே, சார்."

"முதல்லயே சொல்லியிருக்கணும். உறவை மறைச்சா அந்த ஆள் போட்டியிலயே கிடையாது. வகுப்புல இதைச் சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருந்தார்கள்.

"மறைச்சது நான் சார். அவர் இல்ல."

"விதிக்கு அது தெரியாதும்மா."

சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் சித்தப்பாவின் பட்டறைக்குப் போனேன். அவர் மெஷின்மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பாதிவரை உரித்து வைத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த அட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"என்னை வேத்தாளா பார்த்திருந்தாக்கூட போதுமேம்மா" என்றார்.

பிறகு உறையின் ஒரு நுனியை எடுத்தார்.

"அந்தப் பக்கம் பிடி. தூசு படியாம மூடி வைப்போம். மெஷின் வித்தவங்க திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேக்கணும்."

பிடித்தேன்.