சின்ன எம் போட்ட தாள்

1

வெட்கம் தாங்காமல் எழுத உட்கார்ந்த கதை இது. இதில் வரும் ஜம்புநாதன் நான்தான். கடைசியில் சொல்லி உங்களை அசத்தும் உத்தேசம் இல்லை. 'அவன்' என்று எழுதினால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, அவ்வளவுதான்.

2

1979, ஹைதராபாத். மின்சாரப் பேனல்கள் செய்யும் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் ஏசியின் குளிர்—

(அடித்துவிட்டேன். குளிரா இப்போது முக்கியம்?)

அங்கிருந்த பிரிண்டருக்குப் பெரிய எழுத்து மட்டுமே தெரியும். சின்ன எம் என்றால் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு; பெரிய எம் என்றால் மெகா, பத்து லட்சம் மடங்கு. பேனல்களின் சோதனை அறிக்கையை அடிக்கும் ஜம்புநாதனின் புரோகிராம் இரண்டுக்கும் பெரிய எம்மையே அடித்துத் தள்ளியது. தற்காலிக டைப்பிஸ்ட் விஜயகுமாரி சோதனைக் குறிப்பேட்டைப் பார்த்து, மில்லி வரும் இடங்களில் சிவப்புப் பேனாவால் சின்ன எம் போடுவாள்.

"மில்லி, மெகான்னு முழுப்பேரையே அடிக்க வெச்சுடுங்களேன் சார். எடம்தான் இருக்குதே."

"நக்கோம்மா, வேணாம். இஞ்சினியருக்குத் தெரியாதா?"

(இரண்டு வரி மாற்றினால் போதும். சொன்னது டைப்பிஸ்ட் என்பதால்தான் அவன் மாற்றவில்லை. முதல் பிரதியில் இதை மறைத்திருந்தேன்.)

3

மார்ச் முப்பத்தொன்று. வருட இலக்கை முடிக்க, பேனல்களை ஏற்றிக்கொண்டு லாரி வாசலில் நின்றது.

"எல்லாத்துக்கும் சின்ன எம் போட்டு அனுப்பும்மா."

"ஹவ் சார், சரி, ஆனா குறிப்பேடு இன்னும் வரலையே."

"எர்த்துன்னா எப்பவும் மில்லிஓம்தான். போடு."

போட்டாள். ஒரு பேனலில் மட்டும் எர்த் கம்பி அறுந்து, மின்தடை மெகாஓமில் இருந்தது. மில்லி என்றால் கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். மெகா என்றால் தொட்டவனைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பேனல் போய்ச் சேர்ந்த மல்லாபூரில் சூசைராஜ் என்ற தொழிலாளி தொட்டார். வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

(அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒரு நாளும் போய்ப் பார்க்காதவனுக்கு என்ன யோக்கியதை?)

4

விசாரணையில் மேஜைமேல் அந்தத் தாள் கிடந்தது. சிவப்பு மையெல்லாம் விஜயகுமாரியின் கை.

"ஜம்புநாதன் சார்தான் போடச் சொன்னார் சார். அவரையே கேளுங்க."

அதிகாரி திரும்பினார். "நீங்க சொன்னீங்களா?"

முடிவு அ: அவன் எழுந்து நின்று, "நான்தான் சார்" என்கிறான். ஒன்பது தடவை எழுதிப் பார்த்தேன். ஒன்றிலும் அது என் குரலாக இல்லை.

முடிவு ஆ: அவள் அவனை மன்னித்து— (சீ.)

நடந்தது: "ஞாபகமில்லை சார்." அதன்கீழ் என் கையெழுத்து. அந்த வாரத்தோடு அவள் வேலை போயிற்று.

அதிகாரியின் கேள்விக்குக் கீழே உங்களுக்காக ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். 'சொன்னேன்' என்று எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரட்டும்.