வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

பண்ருட்டியில் காய்க்காத மரத்தை மிரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோடாலியை ஓங்கி, வெட்டிப் போடுகிறேன் என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து, வேண்டாம், அடுத்த வருஷம் காய்க்கும் என்று சொல்ல வேண்டும். மரம் பயந்துபோய்க் காய்க்கும். அந்த 'வேண்டாம்' வந்த பிறகுதான் ஓங்கிய கை இறங்கும். பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் கோடாலி தானாகவே இறங்கிவிடும். அதற்குக் கை பொறுப்பாகாது.

மாசி முதல் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு வேதகிரி தன் வீட்டுப் பலாமரத்தின் முன்னால் கோடாலியை ஓங்கினான்.

"காய்க்காதது வீட்டுக்கு எதுக்கு? வெட்டிப் போட்டுடறேன்."

ஒன்பது வருஷமாகச் சொல்வதுதான். ஒன்பது வருஷமும் அவன் மனைவி தில்லைநாயகி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, "விடுங்க, அடுத்த வருஷம் காய்க்கும்" என்று சொல்லியிருக்கிறாள். இந்த வருஷமும் வந்தாள். கையைத் துடைத்தாள். மரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

கை மேலேயே நின்றது.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். பலாக்கன்றும் அதே வாரம் வைத்ததுதான். வீட்டில் குழந்தை இல்லை. அதைப் பற்றி வேதகிரி மனைவியிடம் நல்லதாகவும் ஒரு வார்த்தை பேசியதில்லை, கெட்டதாகவும் பேசியதில்லை. தான் தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். பேசுவதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, மரத்திடம்.

காய்த்த மரம் கல்லடி படும் என்பார்கள். காய்க்காத மரம் என்ன படும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

உண்மையில் அவனுக்கு அந்த மரத்தின் மேல் கொள்ளைப் பிரியம். அதை வெட்டினால் தானும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம் என்று பயந்தான். அதனால் சுவரோரம் போய், பக்கத்து வீட்டு அலமேலு டீச்சரைக் கூப்பிட்டு, ஒரு 'வேண்டாம்' சொல்லச் சொன்னான். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, பிழையில்லாமல் இரண்டு தடவை சொன்னாள். கை இறங்கவில்லை.

"எனக்கும் எங்க கொய்யாவுக்குந்தான் பழக்கம்" என்றாள் டீச்சர். "மரம் மிரட்டறதுக்குன்னு இருக்கற ஆபீசுக்குப் போய்ப் பாருங்க. ஞாயித்துக்கிழமைன்னா தொறந்திருக்கும்."

மரத்திலிருந்து வாசல் கேட்டுக்கு இருபது அடி. அன்று குரோட்டன்ஸ் செடி வரிசையைத் தாண்டவே அரை மணி நேரம் ஆயிற்று. வேலியில் புதிதாக இரண்டு திருப்பங்கள் முளைத்திருந்தன. இரண்டாவது திருப்பத்தில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட் எங்கே என்று கேட்டதற்கு, அவரும் காலையிலிருந்து அதைத்தான் தேடுவதாகச் சொன்னார்.

டவுன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. வேதகிரியின் கை எப்படியும் மேலேதானே இருக்கிறது என்று, நின்றிருந்த இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்தார்கள். கோடாலி யார் தலையிலும் படாமல் பார்த்துக்கொள்ளும்படி கண்டக்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

அலுவலகம் மாடியில் இருந்தது. வராந்தா முழுக்கத் தொட்டிகளில் அரளி. நடக்க நடக்க வராந்தா நீண்டது. அதற்கேற்ப அரளியும் உயரமாகிக்கொண்டே போய், கடைசியில் கிளைகளை விலக்கித்தான் கவுண்டரைக் கண்டுபிடிக்க முடிந்தது. காத்திருப்போர் பெஞ்சில் ஒரு புளியமரம், ஒரு கிழவர், அவர்களுக்கு அப்புறம் வேதகிரியின் பலாமரம்.

தன் மரத்தை எங்கே பார்த்தாலும் அவனுக்குத் தெரியும். அடிமரத்தில் அவன் சைக்கிள் சாய்த்த தழும்பு இருந்தது. மரம் மடியில் பதினாலாம் நம்பர் டோக்கனை வைத்திருந்தது. அவனுக்குப் பதினைந்து கொடுத்தார்கள். தனக்கு முன்னாலேயே வந்துவிட்டதே என்று அவனுக்கு லேசாக வருத்தமாக இருந்தது.

கவுண்டரில் பரஞ்சோதி என்கிற எழுத்தர், மேஜைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். அதில் மூன்று கட்டங்கள். ஓங்கியவர் பெயர். ஓங்கப்பட்டவர் பெயர். வேண்டாம் என்றவர் பெயர். வேதகிரி இடது கையால் முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினான். இரண்டாவதில் பலாமரம் என்று எழுதினான். மூன்றாவதுக்குத்தான் ஆள் வேண்டும் என்றான்.

"ரெண்டாவது கட்டத்துக்கு ஆட்சேபணை வந்திருக்கு" என்றார் பரஞ்சோதி.

"யாரு குடுத்தது?"

"பதினாலாம் நம்பர்."

அவர் ஒரு பலா இலையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, உரக்கப் படித்தார். மேற்படி தோட்டத்தில் நான் பதினைந்து வருஷமாக நிற்கிறேன். மாசிதோறும் மேற்படியார் கோடாலியை என் பக்கம் காட்டுவாரே தவிர, கண்ணை என் பக்கம் காட்டியதில்லை. காய்க்காதது வீட்டுக்கு எதுக்கு என்று அவர் கேட்டது பின்னால் நின்ற அம்மாளைத்தான் என்று நம்பியிருந்தேன். ஆகவே பயப்படவில்லை. ஆகவே காய்க்கவில்லை. அந்த அம்மாளும் அப்படித்தான் நம்பியிருந்தார். வேண்டாம் என்று அவர் சொன்னது தனக்காக. ஒன்பது முறை சொன்னார். இப்படிக்கு, பலா.

வேதகிரி மரத்தைப் பார்த்தான். மரம் டோக்கனைப் பார்த்தது.

"அப்ப ரெண்டாவது கட்டத்துல யார் பேர எழுதட்டும்?" என்றார் பரஞ்சோதி.

வேதகிரி வாயைத் திறந்தான். ஒன்பது மாசி மாதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பெஞ்சில் இடமில்லாமல் அவன்மேல் உட்கார்ந்தன. எழுத்தர் சற்று நேரம் பார்த்துவிட்டு, கட்டத்தைக் காலியாக விட்டு முத்திரை குத்தினார். வீட்டிலேயே விசாரித்துக்கொள்ளவும் என்று அதில் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை. தோட்டம் காலையைவிட நீளமாகியிருந்தது. வேலித் திருப்பத்தில் பேப்பர் படித்தவர் இப்போது நேற்றைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். குரோட்டன்ஸைத் தாண்டும்போது வேதகிரிக்குக் கால்கள் கனத்தன. ஒவ்வோர் அடியையும் மண்ணிலிருந்து பிடுங்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. மரத்தடிக்கு வந்தபோது, மரம் முன்பே வந்து தன் இடத்தில் நின்றிருந்தது. அதற்குப் பத்தடி தள்ளி அவன் கால்களைப் பிடுங்க முடியாமல் நின்றுவிட்டான்.

வெயில் சுவர் உயரத்துக்கு இறங்கியிருந்தது. தில்லைநாயகி வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, எட்டி அவன் கையிலிருந்து கோடாலியை வாங்கினாள். விரல்கள் சொன்னபடி கேட்டு விட்டுக்கொடுத்தன. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தான். கை மட்டும் கீழே வரவில்லை. மணிக்கட்டில் ஓர் இலை விட்டிருந்தது.

தில்லைநாயகி இரண்டடி பின்னால் போனாள். கோடாலியை ஓங்கினாள். அவள் கண் கோடாலி பார்த்த பக்கத்தையே பார்த்தது.

"பதினஞ்சு வருஷமா தண்ணி ஊத்தறேன்" என்றாள். "ஒரு வார்த்த காய்க்கல. வெட்டிப் போட்டுரட்டுமா?"

தில்லைநாயகி மீறியிருந்தாலும், மிரட்டப்படுகிறவர் தனக்காகத் தானே பேசக் கூடாது என்பதுதான் வழக்கம். வேதகிரிக்கு அது தெரியும். தெரியாவிட்டாலும் பேசியிருக்க முடியாது, பட்டை தாடை வரைக்கும் ஏறியிருந்தது. அலமேலு டீச்சர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கொய்யாவோடுதான் பழக்கம். வெயில் சுவரிலிருந்து தரைக்கு வந்தது. தரையில் ஒரு முழம் இருந்தது. ஒரு சாண் ஆயிற்று. அவள் கை இறங்கவில்லை. யாருமே வரமாட்டார்களா என்று வேதகிரி நினைத்தான். ஒன்பது வருஷம் இப்படித்தான் நின்றிருப்பாளா என்றும் நினைத்தான்.

"விடும்மா" என்றது பலாமரம். "அடுத்த வருஷம் காய்க்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கோடாலியை இறக்கினாள். சுவரில் சாய்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள்.

அன்றிலிருந்து காலையில் இரண்டு குடம் தண்ணீர். ஒரு குடம் மரத்துக்கு, ஒரு குடம் வேதகிரிக்கு. அவனுடைய ஓங்கிய கையில் அவள் துணி காயப்போடுகிறாள். மரம் இன்னும் காய்க்கவில்லை. அதை இப்போது யாரும் கேட்பதில்லை.

தை பிறந்ததும் வேதகிரிக்கு நெஞ்சுக்குக் கீழே, பட்டையைப் பிளந்துகொண்டு, சுண்டுவிரல் பருமனில் ஒன்று முட்டியது. ஒரு வார்த்தைதான். அவளிடம் சொல்ல வேண்டியது. இன்னும் பச்சையாக, முள் கூடக் கூராகாமல் இருந்தது. பலாப் பிஞ்சில் பாதிக்கு மேல் நிற்காமல் உதிர்ந்துவிடும் என்பது பண்ருட்டியில் எல்லோருக்கும் தெரியும். மாசிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்.

குடத்தோடு அவள் வரும் சத்தம் கேட்டது. வேதகிரி காற்றுக்குக்கூட அசையாமல் நின்றான்.