குடைக்கு ஒரு ஓட்டு

எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சிய வேட்பாளர் இந்தத் தொகுதியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கரியாலூர் டீக்கடையில் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் பெயர் ஜெயம்மாள். கரியாலூருக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன ஊர். புருஷன் செத்துப்போய்விட்டார், பிள்ளை குட்டி கிடையாது. கட்சிதான் எனக்கு எல்லாம். கட்சி என்றால் பெரிய கட்சி இல்லை. பெரிய கட்சிக்காரர்கள் கொடியும் சிவப்பு, எங்கள் கொடியும் சிவப்பு. எங்கள் பெரியவர்கள் ஒரு காலத்தில் அவர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள்தான். அப்புறம் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கள்ளக்குறிச்சியில் மாடி வைத்த ஆபீஸ். எங்களுக்கு சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. மலையில் எங்கள் கட்சி என்றால் நான் மட்டும்தான். கிளைச் செயலாளரும் நான், உறுப்பினரும் நான், கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவளும் நான்.

அந்த வருஷம் சட்டமன்றத் தேர்தலில் கட்சி என்னை நிறுத்தியது. குடை சின்னம். ஜெயிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியாதா? நான் என்ன பைத்தியமா? ஆனால் மலைக்குப் பட்டா கேட்டு மழையிலும் வெயிலிலும் நான் நடந்த நடைக்கு, எத்தனை பேர் என் பக்கம் இருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

மனுவை வாபஸ் வாங்கும் கடைசி நாளன்று காலையில், எங்கள் மாவட்டச் செயலாளர் தோழர் பூமாலை போன் போட்டிருக்கிறார். எங்கள் ஊரில் ஏது சிக்னல்? டீக்கடைக்காரர் ஆள் அனுப்பிச் சொன்னதும் ஓடிப்போய்ப் பேசினேன்.

"தோழர், மேல பேசி முடிவாயிடுச்சி. நாம பெரிய கட்சிக்கு ஆதரவு. நீங்க ஒடனே எறங்கி வந்து வாபஸ் வாங்கிடுங்க" என்றார்.

"இன்னா தோழர் இது, நேத்து வரைக்கும் அவங்கள துரோகின்னு நோட்டீஸ் அடிச்சிக்கினு இருந்தோம்?"

"எஸ்டேட்காரன் மச்சான் ஜெயிச்சிட்டா பரவாயில்லயா? ஓட்டு பிரியக் கூடாது தோழர்."

எஸ்டேட்காரர் மலையில் பாதியை வேலி போட்டு வளைத்தவர். அவர் மச்சான்தான் எதிரே நின்ற பணக்கார வேட்பாளர். அவன் வரக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இன்னொன்றும் சொன்னார் பூமாலை. நாம் இதைச் செய்தால், அடுத்து வருகிற உள்ளாட்சித் தேர்தலில் மலை வார்டை நமக்கு விட்டுக்கொடுப்பதாகப் பெரிய கட்சி ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்த வார்டு எனக்குத்தான். அவர்கள் ஓட்டும் சேர்ந்தால் நான் கவுன்சிலர் ஆவது நிச்சயம்.

ஜீப்பைப் பிடித்து, பஸ்ஸைப் பிடித்து, வழியில் பஸ் டயர் வெடித்து, வேர்த்து வழிந்து தேர்தல் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது. "மூணு மணியோட முடிஞ்சிதும்மா" என்று அங்கிருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், நல்ல மனுஷன். என் பெயரும் குடையும் மிஷினில் ஏறியது ஏறியதுதான்.

அதனால்தான் வீடு வீடாகப் போனேன். "குடைக்குப் போடாதீங்க, ராஜாங்கத்துக்குப் போடுங்க" என்று சொன்னேன். ராஜாங்கம் பெரிய கட்சி வேட்பாளர். கீழ்நாட்டில் கரும்பு விவசாயி, மலை ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

ஜனங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "நேத்து போடுன்ன, இன்னைக்கி போடாதங்கற, இன்னா ஜெயம்மா விளையாடறியா?" என்றான் சின்னக்கண்ணு. என்னோடு பட்டாவுக்காகப் பத்துத் தடவை கீழே இறங்கி வந்தவன் அவன். செவ்வந்தி மூஞ்சிக்கு நேராகவே கேட்டாள்: "எவ்ளோக்கா வாங்கின?" சாணியைக் கரைத்து மூஞ்சியில் ஊற்றினாற்போல் இருந்தது. ஓட்டு பிரியக் கூடாது, எதிரி யார், நண்பன் யார் என்று பூமாலை சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அவள் சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்டாள், கேட்டாளோ என்னவோ.

சரி, பெரிய கட்சிக்காரர்களாவது சேர்த்துக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்கள் பிரசார ஜீப் மலைக்கு வந்தபோது நான் கையைக் காட்டினேன். "எடம் இல்ல தோழர், நடந்து வாங்க" என்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். உள்ளே இரண்டு பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். என் கண் என்ன அவிந்தா போயிருந்தது?

ஊரில் ஒரு வீடு பாக்கி வைக்காமல் போனேன். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. சாலம்மாள் வீடு. என் வேலிக்கு அடுத்த வேலி அவளுடையது. அவள் மாடு என் சாமைக் கொல்லையில் இறங்கியதற்காக நான் அதைப் பட்டியில் அடைத்தேன், அதிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. என் புருஷன் சாவுக்கு அவள் வரவில்லை, அவள் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று இருந்தேன். அதுவும் இல்லாமல், அவளாவது எனக்குப் போடுவதாவது! அங்கே போய்ப் போடாதே என்று சொல்வதும் ஒன்றுதான், சொல்லாததும் ஒன்றுதான்.

ஓட்டுப் போடும் நாளன்று பள்ளிக்கூடத்தில் அந்த மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். என் பெயரை அச்சில் பார்த்தேன். பக்கத்தில் குடை. அழுகை வந்துவிட்டது. உள்ளே வேறு யாருமில்லை, கேட்க நாதியில்லை, அமுக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? கட்சிக்குக் கொடுத்த வார்த்தை என்று ஒன்று இருக்கிறதே. ராஜாங்கத்துக்கு நேராக இருந்த பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்தேன்.

எண்ணும் நாளில் கள்ளக்குறிச்சியில் நானும் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வேட்பாளர் ஆச்சே! ராஜாங்கம் தோற்றார். கொஞ்ச நஞ்சமாக இல்லை, படுதோல்வி. என் ஓட்டெல்லாம் போய்ச் சேர்ந்தும் ஒன்றும் ஆகவில்லை, சேராவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் ஊர் மிஷினைத் திறந்து ஒவ்வொரு சின்னமாகப் படித்தார்கள். குடைக்கு ஒன்று.

ஒன்று! ஒரு பயலும் மீறவில்லை. வரப்பில் மாடு கட்டாதே என்றால் கேட்காத ஜனம், குழாயடியில் சண்டை போடாதே என்றால் கேட்காத ஜனம், இதை மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்காகக் கேட்டது? பத்துப் பேராவது, போடி ஜெயம்மா, உனக்குத்தான் போடுவோம் என்று மீறுவார்கள் என்று உள்ளுக்குள் நம்பியிருக்கிறேன். அது வரைக்கும் எனக்கே அது தெரியாது.

பெரிய கட்சியின் தங்கதுரை தடுப்போரமாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மாவட்டத்தில் அந்தக் கட்சிக்கு அவர் வைத்ததுதான் சட்டம். "இன்னாம்மா, மனசு கேக்கலியா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் போடவில்லை என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

மலைக்குத் திரும்பும் ஜீப்பில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீயா, நீயா என்று. சின்னக்கண்ணு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வந்தி தூங்குவதுபோல் இருந்தாள். யார் மூஞ்சியிலும் எனக்கு ஓட்டுப் போட்ட களை இல்லை.

மறுநாள் காலையில் கொல்லையில் மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சாலம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு இல்லாதவர்கள் எங்கள் பக்கம் மாட்டிடம் பேசுவார்கள், கோழியிடம் பேசுவார்கள், கேட்க வேண்டியவர் காதில் விழும்படி பேசுவார்கள். அவள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"ஊரெல்லாம் போயி வேணாம் வேணாம்னு சொல்லிக்கினு வந்தாளே, நம்ம வூட்டுக்கு வந்து சொன்னாளா? சொல்லல இல்ல? அப்பறம் நா வேற யாருக்குப் போடுவேன்? எனக்கும் அவளுக்கும் ஆவாது. அது வேற. பட்டாவுக்கு நடந்தவ அவதான, ராஜாங்கமா நடந்தான்?"

நான் குனிந்த தலை நிமிரவில்லை. களைக்கொத்து கையிலேயே நின்றுவிட்டது. அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரிய கட்சியின் மாடி ஆபீசில் கூட்டம். எங்கள் தரப்பில் பூமாலையும் நானும், அவர்கள் தரப்பில் தங்கதுரையும் இன்னும் சிலரும். எல்லோருக்கும் டீ வந்தது. மலை வார்டைப் பற்றிப் பூமாலை பேச்சை எடுத்ததும் தங்கதுரை டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க வேட்பாளரே உங்க முடிவுக்குக் கட்டுப்படல. சொந்த ஊர்லயே குடைக்கு ஓட்டு வுழுந்துக்கீது. உங்கள நம்பி நாங்க இன்னாத்த பேசறது?" என்றார்.

தொகுதியையே தோற்றவர்கள் ஒரு ஓட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். வார்டைக் கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூமாலை என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் அந்த மாடிப்படி ஏறினாலே அவருக்கு முதுகு வளைந்துவிடும்.

"தோழர், உண்மைய சொல்லுங்க. நீங்க போடலன்னா பிரச்சினயே இல்ல. போட்டது யாருன்னு தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க, அவங்கள இட்டுக்கினு வந்து இவங்க எதிர்ல ஒரு வார்த்த சொல்ல வெச்சிடலாம். வார்டு நமக்குத்தான்" என்றார்.

சாலம்மாளை நினைத்துப் பார்த்தேன். அந்த மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, யாருக்குப் போட்டே, ஏன் போட்டே என்று கேட்கிற ஆம்பிளைகளுக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஓட்டுப் போட்ட குற்றத்துக்கு. இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு ஓட்டு. அதையும் காட்டிக்கொடுத்து வாங்குகிற வார்டில் நான் யாருக்குக் கவுன்சிலர்?

உள்ளே போய், உட்காராமல், தங்கதுரை முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "நான்தான் போட்டேன். இப்ப இன்னா அதுக்கு?"

தங்கதுரை சிரித்தார். பூமாலை சிரிக்கவில்லை. படி இறங்கும்போது, "உங்ககிட்ட இத எதிர்பாக்கல தோழர்" என்றார். வார்டு போனது. கொஞ்ச நாளில் மலைக் கிளையைக் கலைத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். ஒரு ஆள் இருந்த கிளையைக் கலைக்க ஒரு கூட்டம், ஒரு தீர்மானம்! கொடிக்கம்பம் மட்டும் என் வாசலில் நிற்கிறது. அதைக் கொண்டுபோக யாரும் வரவில்லை.

சேதி வந்த அன்று சாயங்காலம் வேலியோரம் போய் நின்றேன். சாலம்மாளின் மாடு கட்டியிருந்தது. அவள் உள்ளே முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நானும் அந்த மாட்டிடம் பேசினேன்.

"இனிமே ஜெயம்மா எந்த எலெக்ஷன்லயும் நிக்க மாட்டாளாம். கட்சியும் இல்லியாம். உங்க ஆத்தாகிட்ட சொல்லிடு."

முறத்துச் சத்தம் நின்றது. அப்புறம் கோழியை விரட்டுகிற மாதிரி அவள் குரல் வெளியே வந்தது.

"அவ நின்னா ஒரு ஓட்டு இருக்குதுன்னு சொல்லு போ."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதேன்.