கறுப்புத் துணிக்குள் ஒரு வாசல்

பகலில் இரவைக் காட்டுவதுதான் என் பிழைப்பு. வீட்டைச் சுற்றிக் கம்பி நட்டுக் கறுப்புத் துணியால் மூடிவிட்டால் சினிமாவில் ஜன்னலுக்கு வெளியே நள்ளிரவு. கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அப்படித் துணி கட்டியிருக்கிறேன். ஆர்லீன் பவ்லுக்கின் வீடும் அதில் ஒன்று.

அங்கே எடுத்த படத்தின் நாயகி வீட்டை விட்டு வெளியே வரப் பயப்படுகிறவள். கொலைகாரன் உள்ளே புகுந்ததும் தெருவுக்கு ஓடுவாள், நோய் பறந்துவிடும். இந்த மாதிரிப் படங்களில் பெரும்பாலும் இதே கூத்துதான். பயத்தை இவர்கள் கதவுத் தாழ்ப்பாள் என்று நினைத்துவிட்டார்கள். ஓங்கி ஓர் உதை விட்டால் திறந்துகொள்ளுமாம்.

ஆர்லீனுக்கே அந்தப் பயம் இருந்தது. படப்பிடிப்பு முடியும்வரை வீட்டுக்காரர்களை ஓட்டலுக்கு அனுப்புவது வழக்கம். பல வருஷமாக வாசல் தாண்டாதவள் எங்கே போவாள்? மாடியறையில் தங்கிக்கொண்டு, இடைவேளையில் இறங்கி வந்து எங்களுக்குப் பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை அவித்துக் கொடுத்தாள்.

இயக்குநர் பிரென்ட் ஹாலெட் அவளிடம் கேட்டான்: "நிஜமாவே ஒருத்தன் கத்தியோட வந்தா எப்படி ஓடுவீங்க?"

"ஓடறதா? காபி போட்டுக் குடுத்து, தரைய அழுக்காக்காம வெட்டிட்டுப் போப்பான்னு சொல்லுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் முன்வாசலில், துணிக்கு உட்பக்கம், அவள் நிற்பதைப் பார்த்தேன். வானத்தைத் துணி மறைத்திருந்ததால் அவளுக்கு அது இன்னோர் அறைதான்.

"மோய்ரா, இந்தத் துணிய கார் நிக்கற எடம் வரைக்கும் இழுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அவள் தங்கை டோரீன் புற்றுநோய் முற்றி, ஊரின் மறுகோடியில் சாகக் கிடந்தாள். "கடைசியா ஒரு தடவ அவ கையப் பிடிக்கணும். காருக்குள்ள ஏறிட்டா தலையோட போர்வையப் போத்திக்குவேன். ஏறிட்டாப் போதும்."

"இழுத்துட்டாப் போச்சு. துணிக்கா பஞ்சம்?" என்றேன்.

நானும் என் ஆட்களும் தினமும் கொஞ்சம் நீட்டினோம். துணியைத் தடவிக்கொண்டே அவளும் தினமும் கொஞ்சம் நடந்தாள். வெள்ளிக்கிழமை டோரீனின் கணவர் காரைக் கொண்டுவந்து துணியின் ஓரத்தை ஒட்டி நிறுத்துவதாக ஏற்பாடு.

அன்று ஆர்லீன் நல்ல கோட்டு போட்டு, உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். நான் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவள் பாதி தூரம் வந்தபோது, வீட்டு வாசலில் ஹாலெட் கேமராக்காரனோடு வந்து நின்றான்.

எங்கள் வேலையில் "இறக்கு" என்று சத்தம் கேட்டால் கை யோசிக்காது, முடிச்சை உருவிவிடும். ஏன் என்று கேட்பவன் கத்துக்குட்டி. ஹாலெட்டுக்கு இது நன்றாகத் தெரியும்.

"இறக்கு" என்றான்.

என் ஆட்கள் உருவிவிட்டார்கள். துணி மொத்தமும் சரிந்தது. ஏப்ரல் வெயில், தெரு, வேடிக்கை பார்க்கும் கூட்டம், தலைக்கு மேல் அவ்வளவு பெரிய வானம்.

அவள் கத்தவில்லை. முகம் அசையவே இல்லை, கால்கள் மட்டும் மடங்கின. வீட்டைப் பார்த்துத் திரும்பி, தவழ்ந்தே போனாள்.

நான் ஓடிப்போய் ஹாலெட்டின் சட்டையைப் பிடித்தேன். "மனுஷனாடா நீ?"

"நிஜமான பயம் எப்படி இருக்கும்னு பாக்கணும், மோய்ரா. கைய எடு."

சாயங்காலமே எனக்கு வேலை போனது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஆர்லீனின் கதவைத் தட்டி, நாளைக்கே மறுபடி கட்டித் தருகிறேன் என்றேன்.

"வேணாம் கண்ணு," என்றாள் உள்ளிருந்து. "அது விழும்னு தெரிஞ்சுபோச்சு."

அடுத்த வாரம் டோரீன் போய்விட்டாள். அக்கா வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

படம் வெளியானதும் போய்ப் பார்த்தேன். நாயகி அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள், அரங்கம் கைதட்டியது. ஆர்லீனின் முகம் எங்கேயும் இல்லை. படத்தொகுப்பு செய்த பெண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"அந்த ஷாட்டா? ஹாலெட் பாத்துட்டு வேணாம்னுட்டார். அந்தம்மா பயந்த மாதிரியே தெரியலையாம்."