ஜூன் மாதத் தாள்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிறவர்கள் நடுவே சுந்தர்ராஜுக்கு ஒரு பெயர் உண்டு. அவர் கண் பட்ட தாளில் பிழை இருக்காது. முப்பத்தைந்து வருடமாக ஒரே கம்பெனி, பிலிமிலிருந்து அச்சுத் தகடு எடுக்கிற ஒரே பிளேட் செக்‌ஷன். முருகன் கையில் வேல் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதருக்கு முருகன் மேல் இவ்வளவு அக்கறையா என்று முதலாளியே கேலி பண்ணுவார். சுந்தர்ராஜ் சிரிக்க மாட்டார், தப்பு தப்புதான் என்பார். வீட்டிலும் அதே கெடுபிடிதான். குழம்பில் உப்பு, மகளின் கையெழுத்து, பாஸ்டர் பிரசங்கத்தில் சொல்லும் வசன எண், எதுவும் அவரிடமிருந்து தப்பித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர், நார்வே கடலில் ஏழு மாடிக் கப்பலொன்றில், காலை ஆறு மணிக்குப் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு முழித்துக் கிடந்தார். அவர் என்றோ செய்த ஒரு தப்பு இன்னும் இரண்டு மணி நேரத்தில் கண்ணெதிரே வரப்போகிறது. அதை மனைவியும் பார்க்கப்போகிறாள்.

மகள் பெர்சிஸ் பெர்கன் நகரத்தில் நர்ஸ். அம்மா அப்பாவை வரவழைத்து, கரையை ஒட்டியே வடக்கே போகிற கப்பலில் கூட்டிப்போகிறாள். ஏழு நாள் சுற்றுலா என்று பெயர்தானே தவிர, போவது ஒரே ஒரு ஊரைப் பார்க்கத்தான். தொண்ணூற்றேழாம் வருடத்து மாதக் காலண்டரில் ஜூன் மாதத் தாளில் இருந்த ஊர் அது. செங்குத்தான மலை, அடிவாரத்தில் சிவப்பு வீடுகள், ஓரமாக ஒரு வெள்ளைச் சர்ச். யாரோ கப்பலில் நின்று எடுத்த படம். கப்பலின் முனையும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆளும் அதில் உண்டு. ஊர்ப் பெயர் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

சுந்தர்ராஜ் மல்லாங்கிணற்றுக்குப் பெண் பார்க்கப் போன அன்று, அந்த வீட்டுச் சுவரில் அந்தத் தாள்தான் தொங்கியது. காபி கொண்டுவந்த பெண்ணின் முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே அவர் சுவரைப் பார்த்துவிட்டார். இதுக்குப் பிளேட் போட்டது நான்தான் என்று, மாமனார் ஆகப்போகிறவரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். டீச்சர் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஞானஜோதி, இந்த ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டாள். அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. இருக்கிறது, அச்சு அசலாக இப்படியேதான் இருக்கும், ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்றார். கல்யாணமாகி வரும்போது அவள் அந்தத் தாளையும் சுருட்டிக்கொண்டு வந்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள்.

அச்சு அசலாக என்று சொன்னாரே, அதுதான் பொய். படத்தின் பிலிமை முகம் மாற்றி வைத்துப் பிளேட் போட்டிருந்தார். எழுத்துக்குத் தனிப் பிலிம் என்பதால் அது சரியாக விழ, படம் மட்டும் இடது வலது மாறி அச்சாகிவிட்டது. லோடு எல்லாம் ஏறிப் போன பிறகுதான் கவனித்தார். சாமி படமாக இருந்திருந்தால் வேல் கை மாறி, முதல் தாளிலேயே யாராவது பிடித்திருப்பார்கள். மலைக்கு இடது கை ஏது, வலது கை ஏது? ஆர்டர் கொடுத்த ஜவுளிக் கடைக்காரரும் ஒன்றும் கேட்கவில்லை. சுந்தர்ராஜ் அந்தப் பிலிமைக் கிழித்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். கம்பெனியில் மூடியதற்கு அவர் வருந்தவில்லை. ஜோதியிடம் மூடியதுதான் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் குத்தியது.

இப்போது பெர்சிஸ் அந்தப் படத்தை வைத்துத்தான் ரூமே எடுத்திருக்கிறாள். கப்பலின் முனை படத்தில் வலது பக்கம் இருக்கிறது, ஆகவே ஊர் கப்பலுக்கு இடது பக்கம் வரும் என்று யோசித்து, இடது பக்க ஜன்னல் ரூம். அப்பா பிளேட் போட்ட படம், தப்பாக இருக்குமா என்று போனில் கேட்டாள். இருக்காது என்றுவிட்டார். ஊரோ வலது பக்கம் வரும். கப்பல் அங்கே நிற்காது, பத்தே நிமிடத்தில் கடந்துவிடும். ஜோதி இருபத்தெட்டு வருடம் ஆசைப்பட்டதற்கு இடது பக்கத்துப் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். ஒன்றும் சொல்லாமல் அவளை வலது பக்கம் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால், சர்ச் இடம் மாறி நிற்பதைப் பார்த்ததும் கேட்டுவிடுவாளே.

சொல்லிவிடுவது என்று எழுந்தபோது பக்கத்துப் படுக்கையில் அவள் இல்லை. ஜன்னலில் கேமராவோடு காத்திருந்த பெர்சிஸ், அம்மா காபிக்குப் போயிருக்கிறாள் என்றாள். சாப்பாட்டு ஹாலில் தேடினார், இடது பக்க டெக்கில் தேடினார், காணோம். மணி எட்டு தாண்டிவிட்டது. மூச்சு வாங்க வலது பக்கக் கதவைத் தள்ளினார்.

சேலைக்கு மேல் மகளின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஞானஜோதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் இடம் பிடிப்பது போலப் பக்கத்தில் சால்வையைப் போட்டுவைத்திருந்தாள். வெயிலுக்கு வந்திருக்கிறாள் போல என்றுதான் அவர் நினைத்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ஆரம்பித்தார்.

"ஜோதி, அந்தப் படம் தப்பு. பிலிமை மாத்தி வச்சுட்டேன். மெஷின்காரன் இல்ல, நான்தான். உங்க வீட்டுச் சுவத்துல பாத்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் பெருமையடிச்சேன்."

ஞானஜோதி சால்வையை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். கைப்பையிலிருந்து அந்த ஜூன் மாதத் தாளை எடுத்து விரித்து, வெள்ளையாக இருந்த பின்பக்கம் தங்களைப் பார்க்கிற மாதிரித் திருப்பி, சூரியனுக்கு நேரே பிடித்தாள். தாள் வழியாகப் படம் மங்கலாகத் தெரிந்தது. சர்ச் இப்போது இடது பக்கம் நின்றது. கப்பல் ஒரு பாறையைச் சுற்றித் திரும்ப, தாளுக்கு மேலே அதே மலை, அதே சிவப்பு வீடுகள், இடது ஓரத்தில் சர்ச்.

"கலியாணமான மாசம் உங்க சட்டைக்குப் பித்தான் தச்சேனே, அன்னைக்கே தெரியும்," என்றாள். "படத்துல நிக்கிற ஆளுக்குப் பித்தான் பொம்பளைச் சட்டை மாதிரி மாறிக் கெடந்துச்சு."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

சுந்தர்ராஜுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. இவள் குழம்பில் எத்தனை நாள் உப்புக் குறை கண்டுபிடித்திருக்கிறார். அவர் தப்பை இவள் மகளிடம்கூடக் காட்டிக்கொடுக்காமல், வலது பக்கம் அவருக்கும் சேர்த்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவும் அவருக்குத் தோன்றவில்லை. அப்புறம் ஏனோ உடம்பே லேசானது போல இருந்தது.

போன் அடித்தது. பெர்சிஸ்தான். இந்தப் பக்கம் வெறும் பாறையாகப் போகிறது, ஊரையே காணோமே, எங்கே இருக்கிறீர்கள் என்றாள். கப்பல்காரன் வழி மாறிப் போகிறான் என்று சொல்லிவிடுங்கள் என்று ஞானஜோதி மெதுவாகச் சொன்னாள். சுந்தர்ராஜ் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். டெக்கில் நின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே பேசினார்.

"வலது பக்கம் ஓடியா தாயி. படம் தப்பு. உங்க அப்பன் போட்ட தப்பு."

ஞானஜோதி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, மகளுக்காகச் சால்வையை மறுபடி பெஞ்சில் போட்டுவைத்தாள்.